வளைந்த கோடு! நிமிர்ந்த அறிவு!

கணக்காசிரியர் விடுப்பிலிருந்த நாள் அது. பத்தாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நான் வரலாறு படித்தவன். கலைக்கல்லூரியில் பட்டம் பெற்று, சுந்தரபாண்டியத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பவன். அரசர்கள், போர்கள், ஆண்டுகள் – இவை எனக்குப் பழக்கம். கணக்கோடு எனக்கிருந்த உறவோ எட்ட நின்று கும்பிடும் உறவு!

மாணவர்கள் கட்டத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தனர். ஓர் எண்ணை எடு, அதன் வர்க்கத்தைக் காண், எண்ணைக் கிடையாகவும் வர்க்கத்தைச் செங்குத்தாகவும் குறி, புள்ளிகளைச் சேர். இவ்வளவுதான் பாடம். தேர்வில் வரும் வரைபடக் கணக்கு. மூன்றாம் பெஞ்சிலிருந்த ஒரு பெண், அளவுகோலை வைத்துப் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். “வளைத்துப் போடம்மா” என்றேன்.

“ஏன் சார் வளைக்கணும்? ரெண்டு புள்ளிய நேராச் சேத்தா என்ன தப்பு?”

நல்ல கேள்வி. நான் சொன்ன பதிலோ, “புத்தகத்தில் வளைவாகத்தான் இருக்கிறது!”

சொன்ன மறுகணமே என் நெஞ்சு சுட்டது. “ஏன் ஐயா இந்தச் சடங்கு?” என்று கேட்டால், “ஏட்டில் இருக்கிறது” என்று சொல்வோரை மேடையேறி எள்ளி நகையாடியவன் நான். என் வகுப்பில், என் வாயிலிருந்து, அதே பதில்! ஏடு மாறியிருக்கிறது, இயல்பு மாறவில்லை. அந்தப் பெண் மறுபேச்சின்றி அழித்துவிட்டு வளைத்துப் போட்டாள். மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அவள் கேள்வி?

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி வரலாறு. அந்த வழியில் நடந்தேன். பரவளையம் என்று நாம் பெயரிட்டழைக்கும் அந்த வளைவு, இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக் கதையைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. அந்தக் கதை நெடுகிலும் ஒரே போர்தான் நடந்திருக்கிறது: “சொல்லியிருக்கிறார்கள்” என்போருக்கும், “செய்து பார்ப்போம்” என்போருக்கும் இடையே நடந்த போர்!

*

கிரேக்க நாட்டிலே ஒரு கதை உண்டு. கதைதான், நடந்ததென்று நான் சொல்லவில்லை. தேலோஸ் என்னும் தீவிலே கொள்ளைநோய் பரவிற்றாம். மக்கள் கோயிலுக்கு ஓடிக் குறி கேட்டனராம். “கனசதுர வடிவிலுள்ள பலிபீடத்தை இரண்டு மடங்காக்குங்கள், நோய் நீங்கும்” என்று குறி வந்ததாம். பக்கத்தை இரட்டித்துக் கட்டினார்கள், நோய் நீங்கவில்லை. பக்கத்தை இரட்டித்தால் கன அளவு இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிவிடும் என்பது பிறகுதான் உறைத்ததாம்.

பீடம் பெருத்தால் நோய் சிறுக்குமா என்று நாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆயினும் அந்தக் கதையில் ஒளிந்திருந்த கணக்கு மெய்யான கணக்கு. கன அளவு சரியாக இரண்டு மடங்காக வேண்டுமானால், பக்கம் எவ்வளவு? கி. மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மெனிக்மஸ் என்னும் அறிஞர், கூம்பினை வெட்டினால் கிடைக்கும் வளைவுகளைக் கொண்டு இதற்கு விடை கண்டார். இரண்டு பரவளையங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விடை நின்றது! குறி சொன்னவர் பெயர் கதையோடு போயிற்று. கணக்குப் போட்டவர் பெயர் அறிவுலகில் நின்றது.

கூம்பை வெட்டுவதென்றால் என்ன? முள்ளங்கி நுனியைக் கூம்பாகச் சீவிக்கொள்ளுங்கள். கிடையாக வெட்டினால் வட்டம். சற்றுச் சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். கூம்பின் சரிவுக்குச் சரியாக இணையாக வெட்டினால், அப்போது கிடைப்பது பரவளையம். சாய்வு ஒரு பாகை குறைந்தாலும் அது நீள்வட்டமாகிவிடும். ஒரு பாகை கூடினாலும் அதிபரவளையமாகிவிடும். இரண்டுக்கும் நடுவே, கூடாமலும் குறையாமலும், பொருந்தி நிற்பது இது. கி. மு. 200-ஐ ஒட்டிய காலத்தில் பெர்கா நகரத்து அப்பொலோனியஸ் இதற்குக் கிரேக்க மொழியில் இட்ட பெயரும் இந்தப் ‘பொருத்தம்’ என்னும் கருத்தைக் கொண்டதுதான். கூம்பு வளைவுகளைப் பற்றி அவர் எட்டு நூல்கள் எழுதினார். முதல் நான்கு கிரேக்க மொழியிலேயே கிடைத்தன. ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்றும் அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே உயிர் பிழைத்தன. எட்டாவது நூல் அழிந்தே போயிற்று.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! கிரேக்கன் எழுதியதை அரபியன் காத்தான். அரபியன் காத்ததை ஐரோப்பியன் படித்தான். அறிவுக்கு ஏது குலம்? அறிவுக்கு ஏது எல்லை?

அதே கிரேக்க உலகில் ஆர்க்கிமிடீஸ், பரவளையத்தின் ஒரு துண்டை நேர்கோட்டால் வெட்டி, அதன் பரப்பு என்ன என்று கேட்டார். உள்ளே ஒரு முக்கோணம் வரைந்தார். மிச்சமிருந்த இரண்டு இடுக்குகளில் இரண்டு சிறு முக்கோணங்கள். அவையிரண்டும் சேர்ந்து முதல் முக்கோணத்தில் நாலில் ஒரு பங்கு. மேலும் மிச்சமிருந்த இடுக்குகளில் மேலும் முக்கோணங்கள். அவை அந்தக் காலில் கால். இப்படிக் காலில் கால், காலில் கால் என்று கூட்டிக்கொண்டே போனால், மொத்தம் முதல் முக்கோணத்தைப் போல் ஒன்றே மூன்றிலொரு மடங்கை நெருங்குகிறது. அதற்கு மிகாது, அதற்குக் குறையாது என்று மெய்ப்பித்தார். வளைவின் பரப்பை நேர்கோட்டு முக்கோணத்தால் அளந்துவிட்டார்! கி. மு. 212-இல் உரோமப் படைவீரன் ஒருவனின் வாள் அவரைக் கொன்றது. அவர் மெய்ப்பித்ததை எந்த வாளாலும் வெட்ட முடியவில்லை.

ஆர்க்கிமிடீஸ் கண்ணாடி கொண்டு கதிரவன் ஒளியைக் குவித்துப் பகைவர் கப்பல்களை எரித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. நமக்குப் பிடித்த அறிஞரைப் பற்றிய கதை, ஆகையால் நம்பிவிடலாமா? அந்த முற்றுகையைப் பற்றி விரிவாக எழுதிய பழைய வரலாற்றாசிரியர் பொலிபியஸ், அந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிடிக்காதவர் கதையை மட்டும் ஐயுறுவது பகுத்தறிவாகாது. பிடித்தவர் கதையையும் ஐயுறவேண்டும்.

*

கிரேக்கர் தாளில் கண்ட வளைவை, வானில் காண மனித குலத்துக்கு மேலும் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் பிடித்தன. புளிய மரத்தில் கல்லெறியாத பையன் நம் ஊரில் உண்டா? எறிந்த கல் எந்த வழியே போகிறது என்று கண்ணால் காணாதவர் யார்? கண் முன்னே ஒவ்வொரு நாளும் நடந்ததைக் கண்டுகொள்ள விடாமல் கண்ணை மறைத்தது எது?

பெரியவர் ஒருவரின் சொல்!

அரிஸ்டாட்டில் பேரறிஞர், அதில் ஐயமில்லை. அவர் சொன்னார்: தள்ளுகிற ஒன்று இல்லாமல் பொருள் நகராது, கையை விட்டகன்ற கல்லைக் காற்றுதான் தள்ளிச் செல்கிறது, ஒன்று வல்லந்தமான இயக்கம், மற்றொன்று இயல்பான இயக்கம். ஆறாம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டிரியாவில் பிலோபோனஸ் என்பவர், “காற்றா தள்ளுகிறது?” என்று ஐயம் எழுப்பினார். கேட்டவர் குறைவு. பள்ளிகளில் அரிஸ்டாட்டில் சொன்னதே பாடமாயிற்று, பாடமே முடிவாயிற்று.

1537-இல் இத்தாலியில் தார்த்தாலியா என்பவர் பீரங்கிக் குண்டின் வழியைக் கணக்கால் ஆராய முனைந்து நூல் வெளியிட்டார். ‘தார்த்தாலியா’ என்றால் திக்குவாயர் என்று பொருள். சிறுவனாயிருந்தபோது அவருடைய ஊரைப் படையினர் சூறையாடினர், வாளால் தாடை பிளந்தது, பேச்சு திக்கிற்று. ஆசிரியர் வைத்துப் படிக்க வசதியற்றவர். பெரும்பாலும் தாமே கற்றவர். நாற்பத்தைந்து பாகை சாய்த்துச் சுட்டால் குண்டு மிகத் தொலைவு செல்லும் என்று சரியாகச் சொன்னவர் அவர். ஆனால் குண்டின் வழியை வரைந்தபோது, முதலில் ஒரு நேர்கோடு, நடுவில் வட்டத்தின் ஒரு துண்டு, கடைசியில் செங்குத்தாக ஒரு நேர்கோடு என்று வரைந்தார். பழைய பாடம் அவருடைய கையையும் பிடித்துக்கொண்டது!

என் வகுப்புப் பெண் அளவுகோல் வைத்து நேர்கோடாகச் சேர்த்ததில் வியப்பென்ன? உலகமே இரண்டாயிரம் ஆண்டுகள் அளவுகோல் வைத்துத்தான் சேர்த்துக்கொண்டிருந்தது!

அப்போது வந்தார் கலிலியோ. 1564-இல் பிறந்தவர். அவர் ஏட்டைப் புரட்டவில்லை, பந்தை உருட்டினார். பலகையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டி, வழவழப்பாக்கி, சாய்த்து வைத்து, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். நொடி காட்டும் கடிகாரம் அன்றில்லை. ஒரு பானையிலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகும் தண்ணீரைப் பிடித்து, அதை நிறுத்துப் பார்த்துக் காலத்தை அளந்தார். கண்டது என்ன? முதல் பொழுதில் குண்டு கடந்த தொலைவு ஒரு பங்கு என்றால், அடுத்த அதே அளவுப் பொழுதில் மூன்று பங்கு, அதற்கடுத்ததில் ஐந்து, அதற்கடுத்ததில் ஏழு. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு!

கட்டத்தாளுக்குத் திரும்புங்கள். 0, 1, 2, 3, 4 ஆகியவற்றின் வர்க்கங்கள் 0, 1, 4, 9, 16. ஒவ்வொன்றிலிருந்தும் முந்தையதைக் கழியுங்கள். 1, 3, 5, 7. அதே எண்கள்! பத்தாம் வகுப்பு மாணவி தாளில் வைத்த புள்ளிகளும், பைசாவிலும் படுவாவிலும் வாழ்ந்த கலிலியோ பலகையில் உருட்டிய குண்டும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன.

மாடியிலிருந்து ஒரு கல்லைக் கிடையாக நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வீசினால், அது முன்னோக்கி ஒவ்வொரு நொடியும் பத்துப் பத்து மீட்டராகப் போகும். கீழ்நோக்கியோ, முதல் நொடி முடிவில் ஏறக்குறைய 5 மீட்டர், இரண்டாம் நொடி முடிவில் 20 மீட்டர், மூன்றாம் நொடி முடிவில் 45 மீட்டர் இறங்கியிருக்கும். முன்செல்வது எண்ணைப் போல; கீழிறங்குவது அதன் வர்க்கத்தைப் போல. இரண்டையும் சேர்த்தால் பரவளையம்! வல்லந்த இயக்கம் முடிந்த பிறகு இயல்பான இயக்கம் தொடங்குவதில்லை. இரண்டும் முதல் கணத்திலிருந்தே ஒன்றாக நடக்கின்றன. எனவேதான் கல்லின் வழியில் ஒரு சிறு துண்டுகூட நேர்கோடாக இருப்பதில்லை. காற்றின் தடை இந்த வடிவைக் கெடுக்கும் என்பதையும், வேகம் மிகுந்த குண்டுகளுக்கு அது பெரிதாகவே கெடுக்கும் என்பதையும் கலிலியோ மறைக்காமல் எழுதினார்.

இந்த உண்மை வெளிவந்த ஆண்டைக் கவனியுங்கள். 1633-இல் உரோமாபுரியில் சமய நீதிமன்றம் கலிலியோவை மண்டியிட வைத்தது. பூமி சுற்றுகிறது என்ற கருத்தைக் கைவிடுவதாகச் சொல்ல வைத்தது. பிறகு வீட்டுச் சிறை. முதுமை, பார்வை மங்கி முற்றிலும் மறைந்தது. அந்தச் சிறைவீட்டிலிருந்துதான் எறிபொருள் பரவளையத்தில் செல்லும் என்பதை மெய்ப்பிக்கும் நூல் புறப்பட்டது. இத்தாலியில் அச்சிட வழியில்லை. கையெழுத்துப்படி ஆலந்து நாட்டுக்குச் சென்று, 1638-இல் லைடன் நகரில் அச்சேறிற்று. கலிலியோவின் வழக்கில் தவறு நேர்ந்தது என்று போப்பாண்டவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1992-இல்! தீர்ப்பு எழுத ஒரு நாள் போதும். திருத்தி எழுத 359 ஆண்டுகள்!

*

கலிலியோவைப் புகழ்ந்ததோடு நிறுத்திக்கொண்டால், நாமும் ஒரு புதுச் சிலை வைத்தவர்களாவோம். அவர் சறுக்கிய இடமும் உண்டு.

இரண்டு ஆணிகளுக்கிடையே தொங்கும் சங்கிலியைப் பாருங்கள்; நம் வீட்டுக் கொடிக்கயிற்றைப் பாருங்கள். அதுவும் பரவளையம் போலத்தானே வளைந்திருக்கிறது? சங்கிலி பரவளைய வடிவையே ஏறத்தாழ எடுக்கும் என்று கலிலியோ எழுதினார். ‘ஏறத்தாழ’ என்ற சொல் மற்றவர் மனத்திலிருந்து விரைவில் மறைந்தது. கலிலியோவே சொல்லிவிட்டாரே!

1646-இல் ஆலந்தில் ஒரு பையன், ‘அது பரவளையமன்று’ என்று மெய்ப்பித்துக் கடிதம் எழுதினான். கிறித்தியான் ஹைகன்ஸ் என்பது அவன் பெயர். வயது 17! நம் மேனிலைப் பள்ளி மாணவன் வயது. சங்கிலியின் மெய்யான வளைவு எது என்பது 1691-இல் தெளிவாயிற்று. அதைக் கண்டவர்களுள்ளும் முதுமையெய்திய அந்த ஹைகன்ஸ் ஒருவர்.

அரிஸ்டாட்டிலைத் திருத்தியவர் கலிலியோ. கலிலியோவைத் திருத்தியவன் ஒரு பையன். திருத்தப்பட்டதால் கலிலியோவின் பெருமை குன்றிற்றா? இல்லை. அவர் காட்டிய வழியில், ஆய்ந்து பார்க்கும் வழியில், நடந்துதான் அந்தப் பையன் அவரையே திருத்தினான். தலைவனின் சொல்லைத் திருப்பிச் சொல்பவன் மட்டும் தொண்டனல்லன். தலைவன் காட்டிய வழியில் நடந்து தலைவனின் பிழையையும் காட்டுபவனே மெய்த்தொண்டன். நம் பாசறைகளிலும் எழுதி வைக்கத் தக்க பாடம் இது!

*

இதுவரை நாம் கண்டது வடிவின் வழி. எண்ணின் வழி வேறொன்று உண்டு. வர்க்கம் கலந்த சமன்பாட்டைத் தீர்க்கும் முறையை இந்நாட்டில் பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில் தந்திருக்கிறார். பாக்தாதில் அல் குவாரிசுமி ஒன்பதாம் நூற்றாண்டில் அத்தகைய சமன்பாடுகளை வகை வகையாகப் பிரித்து விளக்கினார். பாரசீகத்து உமர் கய்யாம், கவிஞர் என்று நாம் அறிந்த அதே கய்யாம், முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வளைவுகளின் வெட்டுப்புள்ளி கொண்டு தீர்த்தார். இரண்டு ஆறுகளும் நெருங்கி வந்தன.

1637-இல் பிரான்சு நாட்டு டேகார்ட் வெளியிட்ட நூலிலும், அதே காலத்தில் பெர்மா எழுதிய ஏடுகளிலும் அவை ஒன்றாய்க் கலந்தன. ஒவ்வொரு சமன்பாடும் ஒரு கோடு. ஒவ்வொரு கோடும் ஒரு சமன்பாடு! வழக்குரைஞர் தொழிலுக்குப் படித்த பெர்மாவும், படையில் சேவை செய்த டேகார்ட்டும் திறந்துவிட்ட அந்தக் கதவு வழியேதான், இன்று வத்திராயிருப்பிலும் இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் படிக்கும் பிள்ளைகள் கட்டத்தாளில் புள்ளி வைக்கிறார்கள். “எல்லாம் எங்கள் முன்னோர் ஏட்டில் அன்றே இருந்தது” என்று மார்தட்டவும் வேண்டா. “எல்லாம் மேல்நாட்டான் தந்த பிச்சை” என்று தலைகுனியவும் வேண்டா. கிரேக்கமும் பாக்தாதும் பாரசீகமும் இந்தியாவும் ஐரோப்பாவும் கைகோத்துக் கட்டிய வீடு அது. அதில் நமக்கும் ஓர் அறை உண்டு.

*

அந்த அறை எங்கே இருக்கிறது? நம் தமிழ்நாட்டிலேயே, நீலமலையில் இருக்கிறது!

அதைச் சொல்லுமுன், பரவளையத்தின் இன்னொரு பண்பைச் சொல்லவேண்டும். அதன் உட்புறத்தில், நடு அச்சின்மேல் ஒரு புள்ளி உண்டு. அதற்குக் குவியம் என்று பெயர். வெளியே இயக்குவரை என்று ஒரு நேர்கோடு. வளைவின்மீது எந்தப் புள்ளியை எடுத்தாலும், குவியத்துக்குள்ள தொலைவும் இயக்குவரைக்குள்ள தொலைவும் ஒன்றே. நம் கட்டத்தாள் வளைவில், குவியம் அடிமுனைக்குக் கால் அலகு மேலே. இயக்குவரை கால் அலகு கீழே. இரண்டின் வர்க்கம் நான்கு என்று வைத்த புள்ளியிலிருந்து அளந்து பாருங்கள். இரண்டு தொலைவும் நாலேகால்! யாருக்கும் சலுகை காட்டாத சமநீதி!

அச்சுக்கு இணையாக வந்து விழும் கதிர்கள் எல்லாம் திரும்பி அந்த ஒரே குவியத்தில் கூடும் என்பது இதன் விளைவு. கிரேக்கத்து தயோக்ளிஸ் இதை மெய்ப்பித்தார். சுமார் 965-இல் பிறந்த இப்னு அல் ஹைத்தம், பரவளையக் கண்ணாடிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1721-இல் ஆட்லி என்னும் ஆங்கிலேயர் பரவளையமாகத் தேய்த்த கண்ணாடி கொண்டு தொலைநோக்கி செய்து காட்டினார். 1937-இல் அமெரிக்காவில் குரோட் ரீபர் என்னும் வானொலிப் பொறியாளர், தம் வீட்டுக் கொல்லையில், தம் சொந்தக் காசில், 31 அடி விட்டமுள்ள பரவளையத் தட்டு ஒன்றைச் செய்து, வானிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடித்தார்.

இனி நம் கதை. கோவிந்த் சுவரூப் என்பவர் 1929-இல் வடநாட்டில் பிறந்தவர். ஆத்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வானொலி வானியல் பயின்று, 1963-இல் தாயகம் திரும்பி, பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். பெரியதொரு வானொலித் தொலைநோக்கி கட்ட விரும்பினார். பணமோ குறைவு, நாடோ ஏழை. பெரிய வட்டத் தட்டைச் செய்து எல்லாப் பக்கமும் திருப்புவதற்கு ஆகும் செலவை நினைத்தால் மலைப்பு. அவர் வேறு வகையாக எண்ணினார்.

பரவளையத்தை ஒரு திசையில் மட்டும் வளைத்தால் போதுமே! பாதியாகப் பிளந்த நீண்ட மூங்கிலைப் போல ஒரு தொட்டி வடிவம்; குறுக்கே வெட்டினால் பரவளையம்; நீளவாக்கில் நேர்கோடு. அப்போது குவியம் ஒரு புள்ளியாக இராமல் ஒரு நெடுங்கோடாகும். தகட்டுக்கு மாறாகக் கம்பிகளே போதும். ஏனெனில் பிடிக்க வேண்டிய அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். உதகைக்கருகே முத்தோரையில் அது எழுந்தது. நீளம் 530 மீட்டர்; அகலம் 30 மீட்டர்; 24 பரவளையச் சட்டங்கள்; அவற்றின்மேல் நெடுக இழுத்துக் கட்டிய 1,100 துருவேறா எஃகுக் கம்பிகள். இந்நாட்டிலேயே வடிவமைத்து இந்நாட்டிலேயே கட்டி முடித்து, 1970-இல் இயங்கத் தொடங்கிற்று.

ஏன் உதகை? குளிர் காயவா, கொடைவிழா காணவா? இல்லை. அந்த இடம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ பதினொரு பாகை வடக்கே இருக்கிறது. அந்த மலைச்சரிவும் வடக்கு தெற்காக ஏறத்தாழ அதே பதினொரு பாகை சாய்ந்திருக்கிறது. எனவே சரிவின்மேல் நீளவாக்கில் கட்டிய தொலைநோக்கியின் அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும். பூமி சுழலச் சுழல, ஒரே விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம்! பணக்கார நாடு எந்திரத்தால் செய்ததை, ஏழை நாடு மலையைக் கொண்டு செய்தது. மலையைத் தொழுவோர் உண்டு. மலையை அளந்தவர் இவர்.

அந்தக் கருவியால் முதலில் என்ன ஆராய்ந்தார்கள் தெரியுமா? நிலவு தன் வழியில் செல்லும்போது, தொலைவிலுள்ள வானொலி மூலங்களை மறைக்கும். சற்றுப் பொறுத்து வெளிப்படுத்தும். நிலவு இருக்கும் இடம் நமக்குத் துல்லியமாகத் தெரியும். ஆகவே அலை எந்தக் கணத்தில் மறைந்தது, எப்படி மறைந்தது, எப்போது மீண்டது என்று அளந்தால், அந்த மூலம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிடலாம். இப்படி நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்தனர். தொலைவிலுள்ளவை எப்படிப்பட்ட அளவில் தோன்றுகின்றன என்பதை வைத்து, அண்டம் என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று, காலப்போக்கில் மாறிவருவது என்னும் கருத்துக்கு 1975-இல் சுவரூப்பும் அவருடைய மாணவர் விசய் கபாகியும் சான்று வழங்கினர்.

வானில் ஒன்றை ஒன்று மறைத்தால் பாம்பு விழுங்கியதென்று அஞ்சி, உலக்கையை நிறுத்திவைத்து, கருவுற்ற பெண்ணை இருட்டறையில் பூட்டிய நாடு இது. அதே நாட்டில், அதே நிலவு மறைப்பதையே அளவுகோலாக்கி அண்டத்தின் வரலாற்றைப் படித்தார்கள். இடையிலே வந்தது என்ன? ஒரு வளைவு, அந்த வளைவைப் பற்றிய அறிவு!

*

மறுநாள் அந்த வகுப்புக்கு நானே கேட்டுச் சென்றேன். “நேற்று நான் சொன்னது பதிலன்று” என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஆசிரியர் தம் தவறைச் சொல்வது அவர்களுக்குப் புதிது.

“ஒன்றின் வர்க்கம் ஒன்று; இரண்டின் வர்க்கம் நான்கு. இந்த இரண்டு புள்ளியையும் அளவுகோல் வைத்துச் சேர்த்தால், நடுவே ஒன்றரைக்கு என்ன காட்டுகிறது?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் தாளைப் பார்த்துச் சொன்னாள்: “ரெண்டரை.”

“ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கு.”

ஓரமாகப் பெருக்கிப் பார்த்தாள். “ரெண்டேகால்.” சற்று நிறுத்தினாள். “அப்ப அளவுகோல் பொய் சொல்லுது சார்!”

அரைக்கும் பார்த்தாள், நேர்கோடு அரை என்றது, கணக்கு கால் என்றது. இரண்டரைக்கும் பார்த்தாள், நேர்கோடு ஆறரை என்றது, கணக்கு ஆறேகால் என்றது. புள்ளிக்கு நடுவே புள்ளி வைத்தாள். அவற்றின் நடுவே மீண்டும் புள்ளி வைத்தாள். எங்கே வைத்தாலும் நேர்கோட்டுக்குக் கீழேயே வந்து விழுந்தது. யாரும் சொல்லாமலே கோடு வளைந்துவிட்டது. பிறகு ஒரு சாய்ந்த பலகையில் தாளை ஒட்டி, மையில் தோய்த்த கோலிக்குண்டைப் பக்கவாட்டில் உருட்டிவிட்டோம். குண்டு தன் வழியைத் தானே வரைந்து காட்டிற்று. மாணவர் சுற்றி நின்று பார்த்தனர். கலிலியோ தம் நூலில் சொல்லியிருக்கும் சோதனைதான் அது. செலவு, ஒரு குப்பி மை!

என் பள்ளி நாட்களில் நானும் இப்படியொரு கேள்வி கேட்டதுண்டு. “கேள்வி கேட்காதே, வரைந்துவிட்டு உட்கார்” என்று பதில் வந்தது. அன்று உட்கார்ந்தவன்தான், கணக்கை விட்டு விலகியே போனேன். “உங்கள் வீட்டில் யாருக்கு வந்தது, உனக்குக் கணக்கு வர?” என்று கேட்டு உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! கற்கக் கூடாதென்று ஒரு காலத்தில் சாத்திரம் தடுத்தது. இன்று அந்தத் தடையைச் சட்டம் உடைத்துவிட்டது. ஆனால் “ஏன்?” என்று கேட்ட குழந்தைக்கு “புத்தகத்தில் இருக்கிறது” என்று பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும், அந்தப் பழைய கதவை நாமே மீண்டும் சாத்துகிறோம்.

தோழர்களே! மேடையில் நின்று ஊரைப் பார்த்து “ஏன் என்று கேள்!” என்று முழங்குவது எளிது. வீட்டிலே தம்பியும் தங்கையும், வகுப்பிலே மாணவனும் மாணவியும் நம்மைப் பார்த்து “ஏன்?” என்று கேட்கும்போது, அளந்து காட்ட நம்மிடம் பதில் இருக்கிறதா? இல்லையென்றால், “தெரியாது; வா, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லும் துணிவாவது இருக்கிறதா?

இன்றிரவு ஒரு கட்டத்தாளை எடுங்கள். பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.